புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் முதலில் செய்தது, போனில் ராஜினாமாக் கடிதம் எழுதியதுதான். மூன்றே வரி. ‘சொந்தக் காரணங்களால்’ என்று ஆரம்பித்து, ‘உடனடியாக விடுவிக்கும்படி’ என்று முடித்திருந்தேன். அனுப்புவதற்குள் நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே போய்த் திரும்பியபோது கீமோ எத்தனை தவணை, எப்போது ஆரம்பம் என்பதே மனசு முழுக்க இருந்தது. கடிதம் டிராஃப்டில் அப்படியே கிடந்தது.

அது போயிருந்தால் எதையெல்லாம் இழந்திருப்பேன் என்று பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் வேலை பார்த்த எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. அதன் பிறகு இதே நிலையில் இருந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், படித்தும் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் கேட்டும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எது எங்கே உள்ள சட்டம் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ரிப்போர்ட் இப்போதுதான் வந்தது. வேலையை விட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிர்வாகம் உங்களை நீக்கினால், பல நாடுகளில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் எதிர்த்துக் கேட்கலாம். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, கம்பெனி வழியாக வரும் மருத்துவக் காப்பீடு, நோய்க்கால உதவித்தொகை எல்லாமே ‘வேலையில் இருப்பவர்’ என்ற ஒரே ஆணியில் மாட்டித் தொங்குகின்றன. அந்த ஆணியை நாமே பிடுங்கக் கூடாது.

‘சொந்தக் காரணங்களால்’ என்ற வழக்கமான வரிக்கும் ஒரு விலை உண்டு. இந்தியாவில் கிராஜுவிட்டி (வேலை முடியும்போது நிர்வாகம் தரும் பணிக்கொடை) கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். ஆனால் நோயாலோ விபத்தாலோ அந்த வேலையைச் செய்ய முடியாமல் போய் வேலை முடிந்தால் ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. நான்காம் ஆண்டில் புற்றுநோய் வந்து ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்தவர், தனக்குச் சேர வேண்டிய பணத்தைத் தன் கையெழுத்தாலேயே சிக்கலாக்கிக்கொள்கிறார்.

சிகிச்சைத் திட்டம் தெரியும்வரை பொறுங்கள். எந்த நிலை, எத்தனை தவணை, அறுவை சிகிச்சை உண்டா, கதிர்வீச்சு உண்டா என்று டாக்டர் சொல்ல இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை மெடிக்கல் லீவ் மட்டும் போடுங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் விடத்தான் வேண்டும் என்றால், அதை நிதானமாகச் செய்யலாம். விட்டவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்தில் எழுதிய கடிதத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆபீஸில் சொல்லியே ஆக வேண்டுமா?

எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. ஆனால் நீண்ட விடுப்போ வேலையில் மாற்றமோ கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். தெரியாத ஒன்றுக்காக அவர்கள் மாற்றம் செய்து தரவில்லை என்று பிறகு குறை சொல்ல முடியாது. பல நாட்டுச் சட்டங்களிலும், உடல்நிலை நிர்வாகத்துக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அவர்களுடைய கடமை ஆரம்பிக்கிறது.

வேறு சில வேலைகளில் பாதுகாப்பும் சேர்ந்துகொள்ளும். வண்டி ஓட்டுபவர், உயரத்தில் நின்று வேலை செய்பவர், கனரக இயந்திரம் இயக்குபவர் என்றால், மருந்தால் தலைசுற்றலோ கை மரத்துப்போவதோ வரும்போது சொல்லாமல் இருப்பது அவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

யாரிடம் என்பது உங்கள் விருப்பம். நேர் மேலாளரை நம்ப முடிந்தால் அவரிடம், இல்லையென்றால் எச்.ஆரிடம். எவ்வளவு என்பதும் உங்கள் விருப்பம்தான். எந்த உறுப்பு, எந்த நிலை, பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையே இல்லை. அவர்களுக்குத் தேவையானது வேலையைப் பற்றிய தகவல்: எப்போது வர முடியாது, எதைச் செய்ய முடியாது, சுமார் எவ்வளவு காலம்.

வாயால் சொன்னாலும் அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: ‘இன்று காலை உங்களிடம் பேசியதைப் பதிவு செய்கிறேன். எனக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் சிகிச்சை தொடங்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில நாட்கள் விடுப்பு தேவைப்படும். தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன். மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன். இந்த விவரத்தை என் அனுமதி இல்லாமல் மற்றவர்களிடம் பகிர வேண்டாம்.’ இதில் ‘தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் யாராவது ‘அவரே விலகிப்போக நினைத்தார்’ என்று சொன்னால் அந்த ஒரு வரி நிற்கும்.

சொன்னால் ரகசியம் காப்பார்களா?

காக்க வேண்டும். அமெரிக்காவில் ஊழியரின் மருத்துவத் தகவலைப் பொதுவான பணிக் கோப்பில் வைக்கவே கூடாது, தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் உடல்நலத் தகவலுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது.

நடைமுறையில் விஷயம் கசிகிறது. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, ‘பாவம், அவங்களுக்கு இப்படியாம்’ என்ற அனுதாபத்தால். என் விஷயம் அப்படித்தான் இரண்டாவது நாளே மூன்றாவது மாடி வரை போனது. வருத்தமாக இருந்தது. நீங்கள் முன்கூட்டியே ஒருவரைத் தேர்ந்து, ‘குழுவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்’ என்று வாக்கியத்தையே கொடுத்துவிடலாம். சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருந்தால் மனிதர்கள் சொந்தமாகக் கற்பனை செய்வது குறையும்.

புற்றுநோய் சட்டப்படி உடல் ஊனத்தில் சேருமா? அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காதது நியாயம்தான். ‘நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சட்டத்தில் அந்தச் சொல் உங்களுக்கு ஒட்டும் முத்திரை அல்ல, ஒரு கதவு. அது திறந்தால்தான் வேலையில் மாற்றங்கள் கேட்கும் உரிமையும் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பும் கிடைக்கின்றன.

இதில் மிகத் தெளிவானது பிரிட்டன். அங்கே 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஒரு அறிகுறிகூட இல்லாமல் இருந்தாலும் சரி, குணமான பிறகும் சரி. (வட அயர்லாந்தில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் பாதுகாப்பு உண்டு.) அமெரிக்காவில் 2008-ல் கொண்டுவந்த திருத்தம், உயிரணுக்கள் இயல்பாக வளர்வதையே உடலின் முக்கியச் செயல்பாடாகச் சேர்த்துவிட்டது. அதனால் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் சட்டத்துக்குள் வந்துவிடும், நோய் அடங்கியிருக்கும் காலத்திலும். ஆனால் அந்தச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நோயின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. நோய் நீண்ட காலத்துக்கு வேலையில் தடையாக இருந்தால் அது ஊனத்துக்குச் சமம் என்று அதன் நீதிமன்றம் 2013-ல் டென்மார்க்கிலிருந்து வந்த வழக்கில் சொன்னது. வேலை நேரத்தைக் குறைப்பதும் நிர்வாகம் செய்து தர வேண்டிய மாற்றமாக இருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்தியாவில் நிலைமை இவ்வளவு நேராக இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் புற்றுநோய் தனியாக இல்லை. ஆனால் அது விட்டுச்செல்லும் பாதிப்பு பட்டியலுக்குள் வரலாம். குரல்வளையை எடுத்த பிறகு வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கை, கால் எடுக்க நேர்ந்தால் அதுவும் வரும். அரசு வேலையில் இருப்பவருக்கு அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு பெரிய துணை. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இருக்கிறது. நியாயமான மாற்றம் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதை ஏற்றிருக்கின்றன.

வேலையில் என்னென்ன மாற்றங்கள் கேட்கலாம்?

சட்டத்தில் ‘நியாயமான’ என்று ஒரு அடைமொழி இருக்கும். நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாமல், உங்கள் வேலையை நீங்கள் செய்ய உதவுவது எதுவோ அதைக் கேட்கலாம். பெரிதாக யோசித்துப் பயப்பட வேண்டாம். தேவைப்படுபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்.

எனக்குக் கொடுத்த கீமோ மருந்தில் ஒன்று விரல் நுனிகளை மரக்கச் செய்துவிட்டது. ஒருநாள் மேஜையில் விழுந்த ஒரு குண்டூசியை எடுக்க முயன்றேன். கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. நான்கு தடவை முயன்று, கடைசியில் ஒரு காகிதத்தின் ஓரத்தால் தள்ளி மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து கையில் விழ வைத்தேன். ரசீதுகளைப் பிரித்து எண்ணும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. அன்று மாலையே எழுதிக் கேட்டேன்: எண்ணும் வேலையைத் தோழி எடுத்துக்கொள்ளட்டும், அவளுடைய கணினிப் பதிவுகளை நான் பார்க்கிறேன். ஒரு பைசா செலவில்லாத மாற்றம். அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று தெரிந்திருந்தால் மூன்று வாரம் முன்பே கேட்டிருப்பேன்.

எதைக் கேட்பது என்பது சிகிச்சையைப் பொறுத்தது. கீமோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரச் சுழற்சியில் வரும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் சோர்வும் குமட்டலும் இருக்கும். ஏறக்குறைய ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் குறைந்து தொற்று எளிதில் பிடிக்கும். அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை, கூட்டமான அறையைத் தவிர்த்தல், பொதுமக்களை நேரில் சந்திக்கும் இருக்கையிலிருந்து தற்காலிக மாற்றம் என்று கேட்கலாம். கதிர்வீச்சு வேறு மாதிரி: வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்களுக்கு. ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான், ஆனால் தினமும் போக வேண்டும். அதற்கு முழுநாள் விடுப்பு தேவையில்லை. தாமதமாக வரவோ சீக்கிரம் கிளம்பவோ அனுமதித்தால் போதும்.

மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்து உண்டு. கனம் தூக்கும் வேலையிலிருந்து விலக்கு கேட்கலாம். குடலில் அறுவை செய்து வயிற்றில் பை வைத்தவர்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடமும், சொல்லாமல் எழுந்து போகும் சுதந்திரமும் கேட்கலாம். ஹார்மோன் மாத்திரை ஐந்து, பத்து வருடம் எடுக்க வேண்டியவர்களுக்குத் திடீரென்று உடம்பு கொதிக்கும். ஒரு மின்விசிறியும் ஜன்னலோர இருக்கையும் அவர்களுக்குப் பெரிய உதவி. சிகிச்சை முடிந்த பிறகும் பலருக்கு மறதியும் கவனச் சிதறலும் இருக்கும். வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளை எழுதித் தரும்படி கேட்பது அவர்களுடைய உரிமை, யாரும் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை.

டாக்டரிடம் சான்றிதழ் வாங்கும்போது ‘ஓய்வு தேவை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பாதீர்கள். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது’, ‘தினம் ஆறு மணி நேரம் வேலை செய்யலாம்’ என்பது போல எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேட்டதை மறுத்துவிட்டால்?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. ‘உங்களுக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்’ என்பது காரணமே அல்ல. ‘இரவு ஷிப்டில் ஆள் இல்லை’ என்பது காரணமாக இருக்கலாம். அப்போது வேறு வழி என்ன என்று நீங்களே இரண்டு யோசனை சொல்லுங்கள். கனடாவில் நிர்வாகம் தாங்க முடியாத கஷ்டம் என்ற எல்லை வரை போய் மாற்றம் செய்து தர வேண்டும். அந்த எல்லையை எட்டிவிட்டோம் என்று காட்ட வேண்டியதும் நிர்வாகம்தான். தொழிற்சங்கம் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போய் நின்றபோது முடியாது என்று சொன்னவர்கள், பக்கத்தில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது ‘பார்க்கலாம்’ என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடுப்பு எவ்வளவு கிடைக்கும்? சம்பளம்?

நாடுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருப்பது இங்கேதான்.

நெதர்லாந்தில் நோயுற்ற ஊழியருக்கு இரண்டு ஆண்டு வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை நிர்வாகமே தர வேண்டும். ஜெர்மனியில் முதல் ஆறு வாரம் முழுச் சம்பளம். பிறகு மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை, ஒரே நோய்க்கு மூன்று ஆண்டில் 78 வாரம் வரை. கனடாவில் வேலைக் காப்பீட்டின் நோய்க்கால உதவி 2022 டிசம்பரில் 15 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. மலேசியாவில் மருத்துவமனையில் சேர்வதற்குச் சம்பளத்தோடு 60 நாள், அது போக பணிக்காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். சிங்கப்பூரில் சாதாரண நோய் விடுப்பு 14 நாளையும் சேர்த்து மொத்தம் 60 நாள்.

அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டு குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி பன்னிரண்டு வாரம். ஆனால் சம்பளம் கிடையாது. ஐம்பது பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள இடத்தில் குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், கடைசி ஓராண்டில் குறைந்தது 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: அந்தப் பன்னிரண்டு வாரத்தை ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. கீமோ நாட்களுக்கு மட்டும் துண்டு துண்டாக, மணி கணக்கில்கூட எடுக்கலாம். விடுப்புக் காலத்தில் மருத்துவக் காப்பீடும் தொடரும்.

இந்தியாவில் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில்) இருப்பவர்களுக்குச் சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். புற்றுநோய், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்கான 34 நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அதில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இரண்டு ஆண்டு காப்பீட்டுப் பணியும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் நிபந்தனை. ‘91 நாள் முடிஞ்சுபோச்சு’ என்று யாராவது கையை விரித்தால், நீட்டிக்கப்பட்ட உதவி என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கம்பெனி விதிதான். நியமனக் கடிதத்தையும் விடுப்பு விதியையும் எடுத்து ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கலாமா?

நோய் வந்துவிட்டது என்பதற்காகவே நீக்குவது பல நாடுகளில் சட்டவிரோதம். நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வராமல் இருப்பது வேலை நீக்கத்துக்குச் சரியான காரணமாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை 1982-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதை ஏற்ற நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும்.

அதே சமயம், புற்றுநோய் வந்தவரை எப்போதுமே நீக்க முடியாது என்பதும் சரியல்ல. நீண்ட காலம் வேலை செய்ய முடியாமல், எந்த மாற்றம் செய்தும் பயனில்லை என்றால், முறைப்படி விசாரித்து, மருத்துவக் கருத்துக் கேட்டு, நோட்டீஸ் தந்து முடிக்க பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் வழி இருக்கிறது. அந்த முறையில் எதைத் தாண்டிப் போனார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கும்.

இலங்கையில் 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம் நல்ல பாதுகாப்பு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். அதனால்தான் அங்கே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க அவசரப்படுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நீட்டும் எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது: ‘தொடர்ச்சியான உடல்நலக் குறைவு’ காரணமாக ஒரு தொழிலாளியை நிறுத்துவது ஆட்குறைப்பு என்ற வரையறைக்குள் வரவில்லை, அதனால் ஆட்குறைப்பு இழப்பீடும் வரவில்லை. ஆனால் ஆறு மாதச் சிகிச்சை முடித்து, வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவரை ‘தொடர்ச்சியாக நோயுற்றவர்’ என்று சொல்வதை அப்போதும் எதிர்க்க இடம் இருந்தது. ஃபிட்னஸ் சான்றிதழின் மதிப்பு அங்கேதான்.

நீக்கவில்லை. ஆனால் எனக்குரிய வேலையெல்லாம் மற்றவர்களுக்குப் போகிறது.

‘உங்களுக்குச் சிரமம் வேண்டாமே’ என்று அன்பாகச் சொல்லித்தான் இது ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், பயிற்சிக்குப் பெயர் போகாது, வருட முடிவில் அப்ரைசலில் ‘பங்களிப்பு குறைவு’ என்று வரும். விடுப்பு நாட்களைக் கணக்கில் வைத்து மதிப்பெண் குறைப்பதும் இதில் சேரும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் பாகுபாட்டுச் சட்டம் விளைவைப் பார்க்கும்.

நடக்க நடக்கத் தேதியோடு குறித்துவையுங்கள். கூடவே, முடியும் வேலையை எழுதிக் கேளுங்கள்: ‘அடுத்த காலாண்டுத் திட்டத்தில் என்னைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதிகளில் எனக்குச் சிகிச்சை இல்லை.’ ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தட்டு, தம்ளரைத் தனியாக வைப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து பக்கத்து இருக்கைக்குத் தொற்றாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு வருபவரின் உடம்பிலிருந்து கதிர் வீசாது. எச்.ஆர். இதை ஒரு கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஒப்பந்தத்தில் இருக்கிறேன் / சோதனைக் காலத்தில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

கொஞ்சம் உண்டு. பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்புக்குப் பெரும்பாலான இடங்களில் பணிக்காலக் கணக்கு இல்லை. பிரிட்டனில் முதல் நாளிலிருந்தே, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே உண்டு. சம்பளத்தோடு விடுப்பு, வேலை நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் பணிக்காலமும் ஆள் எண்ணிக்கையும் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்ததாரரா, முதன்மை நிறுவனமா என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும். இந்தியாவில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு.

நோய் எனக்கு இல்லை, என் மனைவிக்கு. எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

உண்டு. அமெரிக்காவின் பன்னிரண்டு வார விடுப்பு கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரைக் கவனிப்பதற்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பள விடுப்பு, தன் நோய்க்கும் குடும்பத்தைக் கவனிப்பதற்கும் சேர்த்து. கனடாவில் நோயுற்ற பெரியவரைக் கவனிக்க 15 வாரம் வரை உதவித்தொகை. ஊனமுற்ற ஒருவரைக் கவனிக்கிறார் என்பதற்காக ஊழியரைத் துன்புறுத்துவதும் பாகுபாடுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தன் மகனைக் கவனித்துவந்த ஒரு தாய்.

புது வேலைக்கு நேர்காணல். சொல்ல வேண்டுமா?

நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் வேலை உறுதி செய்யும் முன் உடல்நலம் பற்றிக் கேட்பதையே சில விதிவிலக்குகளோடு சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான். வேலை தருவதாகச் சொன்ன பிறகு, அந்தப் பணிக்கு வரும் எல்லாரையும் கேட்பதாக இருந்தால் மட்டும் கேட்கலாம். குடும்பத்தில் புற்றுநோய் உண்டா, மரபணுச் சோதனை செய்தீர்களா என்று கேட்பதை அங்கே 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடுக்கிறது.

எழுத்துப் படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பொய் பின்னால் தெரிந்தால், நோயைக் காரணம் சொல்ல முடியாதவர்கள் அந்தப் பொய்யைக் காரணமாக்கிவிடுவார்கள். பயோடேட்டாவில் இருக்கும் இடைவெளிக்கு ‘உடல்நலக் காரணத்துக்காக விடுப்பு, இப்போது முழுமையாக வேலை செய்யத் தயார்’ என்ற ஒரு வரி போதும்.

சிகிச்சை முடிந்து திரும்பப் போகிறேன். முதல் நாளிலிருந்து முழு வேலை செய்ய வேண்டுமா?

வேண்டாம், முடிந்தால் படிப்படியாக. ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. தினம் சில மணி நேரத்தில் தொடங்கி, டாக்டர் போட்டுத் தரும் அட்டவணைப்படி கூட்டிக்கொண்டே போவார்கள். பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் இருந்தவரோடு உட்கார்ந்து பேச முன்வர வேண்டியது அங்கே நிர்வாகத்தின் கடமை. இத்தாலியில் 2003 முதல் புற்றுநோயாளிகள் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளவும், பிறகு கேட்டு முழுநேரத்துக்குத் திரும்பவும் உரிமை உண்டு. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட அழகான விதி வேறில்லை. உங்கள் நாட்டில் சட்டம் இல்லாவிட்டாலும், இதே யோசனையை எழுதிக் கேட்கலாம்: முதல் இரண்டு வாரம் நான்கு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் ஆறு, பிறகு பார்க்கலாம் என்று.

சிகிச்சை முடிந்துவிட்டது என்றால் களைப்பும் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். அது மாதக் கணக்கில் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் இருக்கும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

புகார் கொடுப்பது என்றால்?

முதலில் உள்ளே, எழுத்தில். பிறகு தொழிலாளர் துறை, சமத்துவ ஆணையம், தீர்ப்பாயம் என்று நாட்டுக்கு ஏற்ப. எங்கும் காலக்கெடு உண்டு, அது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். அமெரிக்காவில் 180 நாள், மாநிலத்தில் தனி அமைப்பு இருந்தால் 300 நாள். கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். உடம்பு முடியாத நேரத்தில் வழக்குத் தேதியையும் நினைவில் வைப்பது கொடுமைதான். நம்பிக்கையான ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். மெயில்கள், சான்றிதழ்கள், சம்பளச் சீட்டு, அப்ரைசல் எல்லாவற்றையும் கம்பெனி கணினிக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடக்கிய பிறகு எடுக்க முடியாது. கம்பெனியின் வேறு ரகசியக் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள்.

நான் மேலாளர். என் குழுவில் ஒருவர் வந்து சொன்னார். என்ன செய்ய?

முதலில் ‘சொன்னதற்கு நன்றி’ என்று சொல்லுங்கள். உங்கள் சித்தப்பாவுக்கு வந்த புற்றுநோய் பற்றிப் பேச வேண்டாம். இயற்கை வைத்தியம் சொல்ல வேண்டாம். அப்புறம் கேளுங்கள்: யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? எந்த வேலையை நீங்களே வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள்? பதிலை எழுதி அவரிடமே காட்டுங்கள்.

என் மேலாளர் அப்படிக் கேட்டவர். நான்காவது கீமோவுக்குப் பிறகு வேலைக்கு வந்த அன்று, என் மேஜையில் எண்ண வேண்டிய ரசீதுக் கட்டுகள் இல்லை. அந்த இடத்தில் மாதக் கடைசிச் சம்பளப் பட்டியல் இருந்தது, சரிபார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரோடு.